மாமா பணம், கூட்டுப் பணம், விசா பணம்

கேள்வி: நான் பத்துமலையில் இருக்கிறேன். லோரி ஓட்டுகிறேன். மனைவி ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகள் இங்கேயே ஃபவுண்டேஷன் முடித்துவிட்டாள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் வகுப்பு. முதலாண்டுக் கட்டணம் 19,000 பவுண்டு. முன்பணமாக 4,000 பவுண்டு கட்டிவிட்டோம். இப்போது விசா வேலை. ஒரு ஏஜென்ட், "மலேசியர்களுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டே கேட்க மாட்டான், பணத்தைப் பற்றி கவலையே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர், "கமிஷன் கொடுங்கள், ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு வைக்கிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். யாரை நம்புவது? கிள்ளானில் இருக்கும் என் மைத்துனர் 60,000 வெள்ளி (ரிங்கிட்) தரத் தயார். என்னிடம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இருக்கிறது. கொஞ்சம் சேமிப்பு, ஒரு கூட்டு (சீட்டு), மனைவியின் நகை. இன்னொரு சிக்கல்: மகளின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றில்) என் பெயர் ஒரு மாதிரியும் என் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரியும் இருக்கிறது. எதை முதலில் செய்வது? என் மனைவி முதல் இரண்டு வாரம் மகளோடு போய் இருந்துவிட்டு வர முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பத்துமலை)

ஐயா, வணக்கம்.

முதல் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. இரண்டாமவரிடம் இனிமேல் போன் கூடப் பேச வேண்டாம். மைத்துனர் பணம் உதவும், ஆனால் அவர் கணக்கில் இருக்கிற வரைக்கும் உதவாது. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம், அந்தப் பாதி உண்மையை நம்பி வந்து மாட்டிக்கொள்ளும் குடும்பங்களை ஒவ்வொரு ஆகஸ்டிலும் என் மேசைக்கு எதிரே பார்க்கிறேன்.

பிரிட்டிஷ் உள்துறையிடம் ஒரு சலுகைப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நாடுகளின் குடிமக்கள் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நிதி ஆதாரத்தையும் கல்விச் சான்றிதழ்களையும் கூடவே இணைக்க வேண்டியதில்லை. மலேசியா அதில் உண்டு. ஏஜென்ட் சொன்னது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டது, காகிதத்தை இணைப்பதற்குத்தான் விலக்கு, பணத்துக்கு இல்லை என்பது. பணம் விதிப்படி இருந்தே ஆக வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் "இருக்கிறது" என்று உங்கள் மகள் உறுதிமொழி கொடுக்கிறாள். அதிகாரி நினைத்தால் எந்த விண்ணப்பத்தையும் எடுத்து, "ஆதாரத்தை அனுப்பு" என்று மின்னஞ்சல் போடலாம். பதில் தரக் கிடைப்பது சில நாள்தான்.

சரி, அப்போது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. விதி கேட்பது விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 28 நாள்களை. இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 28 நாள் முழுத் தொகையும் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி 31 நாளுக்குள் வர வேண்டும். மின்னஞ்சல் வந்த பிறகு ஓடிப்போய் யாரிடம் கடன் வாங்கிப் போட்டாலும் போன மாதத்து ஸ்டேட்மென்ட் மாறப்போவதில்லை. அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஸ்டேட்மென்ட்டை இணைத்து அனுப்பப்போவது போலவே எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். தயாரானதும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் நல்லது.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 19,000. கட்டியது 4,000. மீதி 15,000 பவுண்டு. அதோடு வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனுக்குள் 1,529 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். லீட்ஸ் லண்டனுக்கு வெளியே என்பதால் 10,539 பவுண்டு. ஆக மொத்தம் 25,539 பவுண்டு. ஒரு பவுண்டு ஐந்தரை ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஏறக்குறைய 140,000 ரிங்கிட். இந்தத் தொகைகளை அவ்வப்போது உயர்த்துவார்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் செல்லும், என் கட்டுரையில் இருப்பது இல்லை. நாணய மாற்றுக்கு அவர்கள் பார்ப்பது ஓஆண்டா இணையதளத்தின் விகிதத்தை, அதுவும் விண்ணப்ப நாளன்று இருப்பதை. ரிங்கிட் கொஞ்சம் சரிந்தாலும் உங்கள் தொகை சில நூறு வெள்ளி குறைந்துபோகும். அதற்காக ஐந்து சதவீதமாவது கூடுதலாக வைத்திருங்கள்.

28 நாளில் ஒரே ஒரு நாள் தொகை கீழே இறங்கினாலும் கணக்கு முறிந்துவிடும். இதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பணம் இல்லாதவர்கள் இல்லை. லோரித் தவணை, வீட்டுத் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் அதே கணக்கிலிருந்து தானாகக் கழிகிற வீடுகளில்தான் இது நடக்கிறது. தேவையான தொகையை விட நூறு வெள்ளி மட்டும் கூட வைத்திருப்பார்கள், பதினேழாம் நாள் தவணை பிடித்துவிடும். ஆகவே தவணை எதுவும் பிடிக்காத தனிக் கணக்கு ஒன்றில் பணத்தைப் போட்டு, ஏடிஎம் அட்டையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது ஏஜென்ட். அடுத்தவர் பணத்தைக் கணக்கில் போட்டுக் காட்டி விசா வாங்குவது நம் ஊரில் புதிய தொழில் இல்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். நடைமுறையில், பணத்தைப் போடுகிறவர் அது காணாமல் போகக்கூடாது என்பதற்காக உங்கள் ஏடிஎம் அட்டையையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் கேட்பார். கொடுத்த நிமிடத்திலிருந்து அது உங்கள் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு வழியாக வேறு யாருடைய ஏமாற்றுப் பணமாவது போனால், போலீஸ் அடிக்கடி எச்சரிக்கிற 'அக்காவுன் கெல்டாய்' (ஏமாற்றுக்காரர்களுக்குக் கணக்கைக் கொடுப்பது) வழக்கில் நிற்பது நீங்கள். இது உள்ளூர்ச் சிக்கல். விசா பக்கம் பார்த்தால், உள்துறை வங்கியிடமே விசாரிக்க முடியும். பணம் உண்மையில் இந்தப் படிப்புக்கானதுதானா என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பொய் என்று முடிவு செய்தால் வெறும் மறுப்போடு நிற்காது. ஏமாற்று என்று பதிந்தால் பத்து ஆண்டு வரை அந்த நாட்டு விசா கிடைக்காமல் போகும். தடை விழுவது உங்கள் மேல் இல்லை, ஏஜென்ட் மேலும் இல்லை. மகள் மேல். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போகலாம் என்றாலும், "இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி அந்தப் படிவங்களிலும் இருக்கிறது.

மைத்துனர் விஷயம் வேறு. அவர் நல்ல மனதோடு தருகிறார். ஆனால் பிரிட்டிஷ் விதி ஏற்கும் கணக்குகள் மாணவரின் கணக்கு, பெற்றோர் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு. தாய்மாமன் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. நம் வீட்டில் மாமாவுக்கு என்ன இடம் என்பது உள்துறைக்குத் தெரியாது. மாமாவின் ஸ்டேட்மென்ட்டும் ஆதரவுக் கடிதமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. எனவே அவர் கொடுப்பதாக இருந்தால் கொடுத்துவிட வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கோ மகள் கணக்குக்கோ வர வேண்டும். வந்த நாளிலிருந்துதான் 28 நாள் எண்ணிக்கை ஓடும். ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். "என் அக்காள் மகளின் படிப்புக்குத் தருகிறேன்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதில் சொல்லும். விசா வந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு இருந்தால் மட்டும், அது மைத்துனர் பணமாக இருந்தாலும் இரண்டாவது ஏஜென்ட் வேலைதான். அந்த 60,000 வெள்ளி உண்மையாகவே லீட்ஸில் செலவாகப்போகிறதா என்று அவரோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பின்னால் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வராமல் இருப்பதற்கும் இது நல்லது.

இபிஎஃப்-பைப் பொறுத்தவரை, அந்த ஸ்டேட்மென்ட்டைக் காட்டி "என்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்ல முடியாது. ஓய்வூதிய நிதி, பங்கு, பத்திரம் போன்ற உடனே எடுக்க முடியாதவற்றை அவர்கள் பணமாகவே எண்ணுவதில்லை. ஆனால் இபிஎஃப்-இல் கல்விக்காக எடுக்கும் வசதி இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கும் எடுக்கலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். 2024 மே மாதத்தில் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு இது அவற்றில் ஒன்றான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து வரும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், உறவைக் காட்டும் பிறப்புச் சான்று கேட்பார்கள். இதை எடுத்து வங்கியில் போட்டு வைக்காமல் கட்டணத்தையே கூடுதலாகக் கட்டிவிடுங்கள் என்பது என் யோசனை. உதாரணமாக இன்னும் 8,000 பவுண்டு கட்டினால் கட்டண மீதி 7,000 ஆகிவிடும். வாழ்க்கைச் செலவையும் சேர்த்து நீங்கள் காட்ட வேண்டியது 17,539 பவுண்டு, அதாவது 140,000 ரிங்கிட் என்ற மலை 96,000 பக்கம் இறங்கிவிடும். கட்டிய பணத்துக்கு 28 நாள் கணக்கும் கிடையாது. ஒரே நிபந்தனை, கட்டிய தொகையை பல்கலைக்கழகம் 'காஸ்' ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். குறைந்தபட்சம் அவர்கள் கொடுத்த ரசீதாவது கையில் இருக்க வேண்டும். விசா கிடைக்காவிட்டால் கட்டணத்தை எந்த அளவுக்குத் திருப்பித் தருவார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பூர்வமான விதியில் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

காஸ் என்றால் என்ன என்று ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லியிருப்பார். இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாணவியை எடுத்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகம் உள்துறையின் கணினியில் பதியும் உறுதிப்பத்திரம் அது. உங்களுக்கு வருவது ஓர் எண். அது இல்லாமல் விண்ணப்பமே கிடையாது. வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும்.

கூட்டு பற்றி எழுதியிருக்கிறீர்கள். தோட்டக் காலத்திலிருந்து எத்தனையோ கல்யாணமும் படிப்பும் கூட்டில்தான் நடந்தன, தெரியும். ஆனால் கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971-லிருந்தே நாட்டில் இருக்கிறது. அதற்கு ரசீதும் இல்லை. விசா கோப்பில் "இது கூட்டுப் பணம்" என்று விளக்கம் எழுதும் நிலைக்குப் போகவே வேண்டாம். அந்தப் பணத்தை விமான டிக்கெட், குளிருடுப்பு, வீட்டுச் செலவு என்று வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நகையும் அப்படித்தான். கழுத்தில் இருக்கும்வரை அது விசாவுக்குப் பணம் இல்லை. வீட்டு கிராணும் (உரிமைப் பத்திரமும்) இல்லை, கூட்டுறவுச் சங்கப் பங்கும் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்வுக்கு முன்பே எடுக்கக்கூடியதாக இருந்தால் ஏற்பார்கள். அமானா சஹாம் (யூனிட் டிரஸ்ட் முதலீடு) யூனிட்டுகள் இருந்தால் விற்று சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவதே வம்பில்லாத வழி.

பெற்றோர் கணக்கைக் காட்டும்போது ஸ்டேட்மென்ட்டோடு இன்னும் இரண்டு காகிதம் சேர வேண்டும். ஒன்று உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்று. மற்றது, "என் மகள் இந்தப் பணத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று தேதியோடு நீங்கள் கையெழுத்திட்ட கடிதம். பிறப்புச் சான்று மலாயில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களே மொழிபெயர்த்து எழுதினால் எடுக்க மாட்டார்கள். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வங்சா மாஜுவில் இருக்கும் ஐடிபிஎம் என்ற மொழிபெயர்ப்பு நிறுவனம் சான்றளித்த மொழிபெயர்ப்பு செய்து தருகிறது. தனியாகச் செய்கிறவர்களும் உண்டு.

இங்கேதான் உங்கள் பெயர்ச் சிக்கல் வருகிறது. இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. நம் அப்பாமார்களின் பெயரைப் பதிவு அலுவலகக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஒரே ஆள் ஒரு காகிதத்தில் 'முனியாண்டி', இன்னொன்றில் 'முனியண்டி', மூன்றாவதில் அப்பா பெயர் பாதி விட்டுப்போய் இருப்பார். விசா அதிகாரி பார்ப்பது இரண்டு காகிதத்தை: ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயரும் பிறப்புச் சான்றில் தந்தை என்று இருக்கும் பெயரும் ஒரே ஆளா என்பதுதான் அவர் கேள்வி. உங்கள் வங்கிக் கணக்கு ஐசிப்படி இருக்கும், ஆகவே முரண்படும். ஐசி எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னிலையில் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ எந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். செலவும் பெரிதாக இராது. இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. மனைவியின் பெயர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தால் பணத்தை அவர் கணக்கில் வைத்துவிடுங்கள். தாயும் பெற்றோர்தானே.

மகளின் பெயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கடப்பிதழில் 'ஏ/பி' (இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம்) உட்பட எப்படி இருக்கிறதோ அப்படியே காஸிலும் இருக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களின் கணினி அந்தச் சாய்கோட்டை விழுங்கிவிடும், சில இடங்களில் உங்கள் பெயரை அவளுடைய குடும்பப் பெயராகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். காஸ் வரைவு வந்த அன்றே எழுத்து எழுத்தாகப் பார்த்து, பிசகு இருந்தால் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதித் திருத்துங்கள். கடப்பிதழ் சீக்கிரம் காலாவதியாகும் என்றால் காஸ் வாங்குவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் மாணவர்களுக்குக் கடப்பிதழில் ஒட்டும் விசா பெரும்பாலும் கிடையாது. எல்லாம் மின்விசா, கடப்பிதழ் எண்ணோடு இணைந்திருக்கும். நடுவில் எண் மாறினால் அலைச்சல்.

காசநோய்ப் பரிசோதனையை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் மலேசியர்களுக்கு அது கட்டாயம். நிதி ஆதாரத்தில் கிடைத்த சலுகை இதற்குக் கிடையாது. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கமான கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழுக்கு ஆறு மாத ஆயுள். எக்ஸ்ரேயில் ஏதாவது நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். பழைய நெஞ்சுச் சளித் தழும்பு இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அதனால் இதைக் கடைசியில் வைக்காதீர்கள், மே மாதமே செய்துவிடுங்கள்.

ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். பட்டப்படிப்புக்கு மாணவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) ஆங்கிலத்தையே ஏற்கும் இடங்கள் பல உண்டு. காஸில் அவர்கள் அப்படிக் குறிப்பிட்டால் ஐயெல்ட்ஸ் செலவு மிச்சம்.

இப்போது மாத வரிசை. பணம் மே கடைசிக்குள் கணக்குக்கு வந்துவிடட்டும். ஜூன் 1 முதல் 28 வரை கை வைக்காதீர்கள். ஜூன் 28 வரையுள்ள ஸ்டேட்மென்ட்டைக் கிளையில் முத்திரையோடு வாங்குங்கள். அந்த ஸ்டேட்மென்ட்டுக்கு ஜூலை 29 வரைதான் மதிப்பு, ஆனால் ஜூலை முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்ப நாள் என்பது இணையத்தில் கட்டணம் செலுத்திய நாள். கோலாலம்பூர் விசா மையத்தில் கைரேகை கொடுக்கப் போகும் நாள் என்று பலர் நினைத்து எண்ணிக்கையைக் கோட்டைவிடுகிறார்கள். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜூலை சீக்கிரமும் இல்லை, தாமதமும் இல்லை. ஆகஸ்ட் நடுவில் விண்ணப்பித்துவிட்டு, கூடுதலாக 500 பவுண்டு கட்டி அவசரச் சேவை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டாக இருந்தது, அதை ஆண்டுதோறும் ஏற்றும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. பெரிய அதிர்ச்சி அது இல்லை, சுகாதாரக் கட்டணம்தான். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே ஒரே தவணையில். படிப்புக்குப் பிறகு தரும் சில மாதங்களும் சேருவதால் மூன்று ஆண்டுப் படிப்புக்கு மூன்றரை ஆண்டுக் கணக்கு வந்து 2,716 பவுண்டு ஆகும். 28 நாள் பணத்திலிருந்து இதைக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். விசா மறுக்கப்பட்டால் இது திரும்பி வரும், விசா கட்டணம் வராது.

நேர்காணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மகளிடம் சொல்லுங்கள். விசா மறுப்பு அதிகமானால் பல்கலைக்கழகத்தின் உரிமத்துக்கே சிக்கல் என்பதால் காஸ் தருவதற்கு முன் அவர்களே வீடியோவில் கேள்வி கேட்கலாம். அப்புறம் உள்துறையும் கேட்கலாம். ஏன் இந்தப் படிப்பு, என்னென்ன பாடம், எங்கே தங்குவாய், மாதச் செலவு எவ்வளவு, யார் பணம் தருகிறார்கள், அப்பா என்ன வேலை. கடைசி இரண்டு கேள்விகளில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வீட்டில் பணப் பேச்சு வந்தால் பிள்ளையை உள்ளே போகச் சொல்லும் பழக்கம் நமக்கு. இந்த முறை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது இபிஎஃப், எது மாமா தந்தது, எது சேமிப்பு என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். "என் தந்தை லோரி ஓட்டுநர்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் குரலை அந்தப் பக்கம் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்வார்.

ஒன்றை மட்டும் உங்களிடம் நேராகக் கேட்டுவிடுகிறேன். விசா கேட்பது முதலாண்டுப் பணத்தை. படிப்பு மூன்று ஆண்டு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கட்டணமும் சாப்பாடும் எங்கிருந்து வரும்? பகுதி நேர வேலை என்று யாராவது சொல்வார்கள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கு உதவும், கட்டணத்துக்கு எட்டாது. படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை பார்த்து அடைக்கலாம் என்றால், பட்டதாரிகளுக்கான இரண்டு ஆண்டு அனுமதியையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்றரை ஆண்டாகக் குறைக்கிறார்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டு நிறுவனங்களுக்குத்தான். மொத்தக் கணக்கும் பொருந்தவில்லை என்றால், இரண்டு ஆண்டு இங்கே படித்து ஓர் ஆண்டு அங்கே போகும் ஏற்பாடு நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறது. அதை இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம், பட்டம் அதே பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டம்தான். லீட்ஸ்தான் என்று முடிவு செய்தால் நல்லபடியாகப் போகட்டும், ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஏஜென்ட் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. வைத்துக்கொள்வதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மலேசியாவுக்கான அதிகாரப்பூர்வ முகவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. உங்களிடமும் பெரிய தொகை கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மகளிடமே இருக்கட்டும். உள்துறை ஆதாரம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சல் ஏஜென்டின் பெட்டியில் ஒரு வாரம் தூங்கிய கதைகள் எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி தாராளமாகக் கூடப் போகலாம். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே ஆறு மாதம் வரை சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் பயணத்துக்கு முன்பே இடிஏ என்ற மின்அனுமதி வாங்க வேண்டும், கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். மகளுக்கு அது வேண்டாம், மாணவர் விசாவே போதும். மகள் வகுப்பு தொடங்க ஒரு மாதம் முன்பிலிருந்து உள்ளே நுழையலாம், மின்விசாவில் தொடக்கத் தேதி என்னவென்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இருவரும் ஒரே விமானத்தில் போனால், பெட்டியில் அம்மா வைக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன்: மசாலாத் தூள், ஊறுகாய், கருவாடு பரவாயில்லை. நெய்யும் இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. கறிவேப்பிலையும் வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுவார்கள்.